சேட்டு ஏன் வடக்கன் இல்லை?

போன மாசம் எங்கள் காலனிப் பையன்கள் ஒரு துண்டறிக்கை எழுதிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார்கள். எழுத்துப் பிழை பார்த்துக் கொடுக்கச் சொன்னார்கள். அம்பேத்கர் பிறந்தநாள் சுவரொட்டியிலிருந்து குடிதண்ணீர்க் குழாய்க்காக மாநகராட்சிக்குக் கொடுக்கிற மனு வரைக்கும் எதையும் ஒரு தடவை என்னிடம் காட்டிவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். இதிலும் பெரிய பிழை ஒன்றும் இல்லை. நாலைந்து இடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது. விஷயம் இதுதான்: காலனிக்குள் லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறவர்கள் இனிமேல் வடக்கன்களுக்கு வீடு கொடுக்கக் கூடாது. மீறினால் ஊர்க்கூட்டத்தில் கேள்வி வரும். கீழே, கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு அம்பேத்கர் நிற்கிறார்.

ஒற்றையெல்லாம் போட்டுக் கொடுத்தேன். பிறகு ‘வடக்கன்’ என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, இது என்னடா சொல் என்று கேட்டேன்.

“திசைப் பேருதானுங்ணா. வடக்கே இருந்து வந்தவன் வடக்கன். இதுல என்னங்க தப்பு?” என்றான் ஒருவன். காலேஜ் முடித்தவன். எனக்கே இலக்கணம் சொல்லிக்கொடுக்கிற பையன்.

அன்றைக்கு அவனிடம் சரியாகப் பேச வரவில்லை. கோபம் வந்தால் எனக்குப் பேச்சு வராது. ஆகவே எழுதுகிறேன். இதைப் படித்து நம்ம பசங்களே என்மேல் கோவித்துக்கொள்ளலாம். கோவித்துக்கொள்ளட்டும்.

திசைப் பெயர் என்றால் ஒரு கேள்வி. திருப்பூர்க் கடைவீதியில் அடகுக் கடை வைத்திருக்கிறவர் ராஜஸ்தானத்துக்காரர். நம்ம வீட்டுப் பொம்பளைகளின் மூக்குத்தியும் தோடும் அவர் பெட்டியில்தான் தூங்குகின்றன. அவரை யாராவது வடக்கன் என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அவர் சேட்டு. டெல்லியிலிருந்து சாம்பிள் பார்க்க வந்து காரில் இறங்குகிறவர் ‘ஜி’. ஓனர் வாசல் வரைக்கும் வந்து கும்பிட்டுக் கூட்டிப்போகிறார். பாங்கியில் லோன் பாஸ் பண்ணுகிற மேனேஜர் உத்தரப் பிரதேசத்துக்காரர். அவர் ‘சார்’. இவர்களெல்லாம் தெற்கே இருந்தா வந்தார்கள்? ஒரே ரயில் தண்டவாளம். அதில் ஏ.சி. பெட்டியில் வந்தால் ஜி. கக்கூஸ் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே இரண்டு ராத்திரி வந்தால் வடக்கன்.

ஆக இந்தச் சொல் காட்டுவது திசையை அல்ல, கூலியை. அத்தக் கூலிக்கு வந்தவன், காண்ட்ராக்டர் கையில் இருக்கிறவன், பத்துக்குப் பத்து ரூமில் எட்டுப் பேராகப் படுக்கிறவன், திருப்பிக் கேட்க பாஷை இல்லாதவன். இத்தனையையும் ஒரே சொல்லில் அடக்கியிருக்கிறார்கள். திறமைசாலிகள்தான்.

இலக்கணம் பேசினான் அல்லவா, நானும் கொஞ்சம் இலக்கணம் பேசுகிறேன். பெயரின் வாலைப் பாருங்கள். கவுண்டர், முதலியார், செட்டியார், ஐயர். சாதி இந்துக்களின் பெயருக்கு ‘அர்’ என்றும் ‘ஆர்’ என்றும் ஒரு மரியாதை வால் இருக்கும். நம்மவன் பெயர்? பறையன், பள்ளன், சக்கிலியன். ‘அன்’ விகுதிக்கு ஆண்பால் ஒருமை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவார்கள். அது மட்டும்தான் என்று சொன்னவர் சேரிப் பக்கம் வந்ததில்லை. எங்கள் தாத்தாவை எட்டு வயசுத் தோட்டத்துப் பையன் பேர் சொல்லி ‘வாடா’ என்று கூப்பிடுவான். எழுபது வயசுக் கிழவர், “ஏனுங்க சாமி” என்று துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவார். அந்த ‘அன்’னும் அந்த ‘டா’வும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ‘வடக்கத்தியார்’ என்று தமிழில் சொல்ல முடியாதா? முடியும். வாய் வராது. சேட்டுக்கு ‘சேட்டுங்க’ என்று வருகிற அதே வாயில் வராது.

இதே சொல் கேரளத்தில் என்னவாக இருக்கிறது தெரியுமா? அங்கே ‘வடக்கன் பாட்டு’ என்றால் வடமலபார் வீரர்களின் கதைப்பாடல். 1989-ல் மம்முட்டி நடித்து வந்த படத்தின் பெயரே ‘ஒரு வடக்கன் வீரகாதா’. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் வடக்கன் என்பவன் வாள் எடுத்த வீரன். இந்தப் பக்கம் வந்தால் பிசிறு வெட்டுகிற ஹெல்பர். சொல்லுக்குச் சொந்தமாகக் குணம் கிடையாது. சொல்லுகிறவன் எங்கே நிற்கிறான், கேட்கிறவன் எங்கே நிற்கிறான் என்பதுதான் அதன் அர்த்தம்.

இந்த ஊரில் இந்தச் சொல் எப்படி வந்தது என்று நான் பார்த்திருக்கிறேன். நான் பனியன் கம்பெனிக்குள் நுழைந்த காலத்தில் வடக்கன் என்று ஒரு ஜீவன் கிடையாது. அப்போது இழிசொல் வேறு. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் எக்ஸ்போர்ட் கொழித்தபோது மதுரை, தேனி, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சனம் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கியது. அவர்களுக்கு இங்கே வைத்த பெயர் ‘தெக்கத்தியான்’. தெக்கத்தியானுக்கு வீடு கிடையாது. தெக்கத்தியான் வெட்டுக்குத்துப் பண்ணுவான். தெக்கத்தியான் வந்துதான் கூலி கெட்டுப்போச்சு. வீடு கேட்டுப் போனால், “நீங்க என்ன ஆளுங்க?” என்று அடுத்த கேள்வி. அந்தத் தெக்கத்தியான்களில் பாதிப்பேர் நம்ம சனம். அன்றைக்கு அவர்களுக்கு வீடு கொடுத்தது நம்ம காலனிதான். வேறு எவன் கொடுத்தான்?

பிறகு ரயில் வர ஆரம்பித்தது. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், வங்காளம், அசாம். முதலில் ‘இந்திக்காரப் பசங்க’ என்றார்கள். வங்காளிக்கும் ஒடியாக்காரனுக்கும் தாய்மொழி இந்தி இல்லை என்பதைப் பற்றி எவனுக்கும் அக்கறை இல்லை. அப்புறம் ‘வடக்கத்தியான்’. தெக்கத்தியான் இருந்த நாற்காலியில் வடக்கத்தியானை உட்கார வைத்தாயிற்று. திசைமானியின் முள்தான் சுற்றியிருக்கிறது, நடு ஆணி அசையவில்லை. கையில் போன் வந்த பிறகு வாலை நறுக்கி ‘வடக்கன்’. நையாண்டிப் படங்களில் அது ‘வடக்கன்ஸ்’ ஆகி, கம்பெனி வாசலைத் தாண்டிச் சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் போய்விட்டது. ரிசர்வேஷன் பெட்டியில் ஏறியவன் வடக்கன், எச்சில் துப்பியவன் வடக்கன், பானிபூரி விற்பவன் வடக்கன். 2024-ல் பாஸ்கர் சக்தி இயக்கிய படத்துக்கு முதலில் வைத்திருந்த பெயர் ‘வடக்கன்’. தணிக்கையில் ஒத்துக்கொள்ளவில்லை, ‘ரயில்’ என்று மாற்றினார்கள். சுவரொட்டியில் மாறியது. டீக்கடையில் மாறவில்லை.

“வடநாட்டு ஆதிக்கத்தை எதிர்த்தது திராவிட இயக்கம், அந்த மரபில் வந்த சொல்தானே இது?” என்று இன்னொரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. ‘வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது’ என்று தி.மு.க. முழங்கியது உண்மை. அந்த வடக்கு எது? டெல்லி. இந்தியைத் திணித்த அதிகாரம். நம் சந்தையைப் பிடித்து வைத்திருந்த மார்வாடி, பனியா மூலதனம். அந்த ‘வடவர்’ நம் தலைக்கு மேலே இருந்தார். இன்றைய வடக்கன் நம் காலடியில் இருக்கிறான். மேலே இருக்கிறவனைப் பார்த்துத் துப்பினால் முகத்தில் விழும் என்று கீழே இருக்கிறவன் மேல் துப்புவதற்குப் பெயர் மொழிப்போரா? டெல்லிமீது உள்ள கோபத்தை, டெல்லி கைவிட்டதால் ஊரைவிட்டு ஓடிவந்தவன்மீது காட்டுவது வீரமா? அந்த வடவர் இன்றைக்கும் இருக்கிறார். அவர்தான் ‘ஜி’.

நம் பையன்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. நமக்கும் இப்படிப் பெயர்கள் இருந்தன, இருக்கின்றன. பெங்களூரில் தமிழனைக் கேவலமாகச் சொல்லக் கன்னடத்தில் ஒரு சொல் இருக்கிறது: ‘கொங்கா’. எங்கிருந்து வந்தது? இந்தக் கொங்கு நாட்டிலிருந்துதான். கொங்கு மண் என்றும் கொங்குச் சீமை என்றும் மேடை போட்டு, தலைப்பாகை கட்டி, மார் தட்டுகிறார்களே, அந்தப் பெயர்தான் சில மணிநேர பஸ் பயணத்தில் வசவாகிவிடுகிறது. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்தவுடன் பெங்களூரில் தமிழர்களை அடித்தார்கள், கொளுத்தினார்கள். பங்களா வீட்டுத் தமிழரையா தேடிப் போனார்கள்? குடிசைப் பகுதிக்குப் போனார்கள். கட்டட வேலைக்காரர்கள், சுமை தூக்குகிறவர்கள். அவர்களில் நம்ம சனம் எத்தனை என்று யாரும் தனியாகக் கணக்கு எடுக்கவில்லை. ஆயிரக்கணக்கில் எல்லை தாண்டி ஓடிவந்தார்கள். துரத்தினவன் வாயில் இருந்த சொல் ‘கொங்கா’. அவனைக் கேட்டால் அவனும் அதையேதான் சொல்லியிருப்பான்: “திசைப் பேருதானே?”

கேரளத்தில் நாம் ‘பாண்டி’. பாண்டிய நாட்டிலிருந்து கூலிக்குப் போனவன். மலேசியாவில் ‘கெலிங்’. கலிங்கம் என்ற பெயரின் மிச்சம். ஒருகாலத்தில் அது வசவாக இருக்கவில்லை. பினாங்கில் தமிழ் முஸ்லிம் வணிகர் தலைவர் எழுப்பிய பள்ளிவாசலின் பெயரே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். வணிகனாகக் கப்பல் ஏறிப் போனபோது கௌரவமாக இருந்த பெயர், ரப்பர் தோட்டத்துக்குக் கூலியாகப் போனபோது காறித் துப்புகிற பெயரானது. கொங்கு, பாண்டியம், கலிங்கம். ராஜாக்களின் நாட்டுப் பெயர்களெல்லாம் கடைசியில் வந்து உட்கார்ந்த இடம் கூலிக்காரன் தலை. தமிழ்ப் பெருமை பேசுகிறவர்கள் இந்த வரலாற்றையும் மெய்க்கீர்த்தியில் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்நியன்தான் இப்படிச் சொல்வான் என்றும் இல்லை. இலங்கையில் தேயிலைத் தோட்டத்து மக்களைக் ‘கள்ளத்தோணி’ என்றார்கள். 1948-ல் குடியுரிமைச் சட்டம் போட்டு நாடற்றவர்களாக்கினார்கள். 1964-ல் சிறிமாவும் சாஸ்திரியும் ஆடுமாடு பங்கு போடுவதுபோலப் பங்கு போட்டார்கள். அந்தச் சனத்தில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதிகள். அவர்களைத் ‘தோட்டக்காட்டான்’ என்று சொன்னது சிங்களவன் இல்லை, தமிழன்.

பம்பாயில் 1966-ல் சிவசேனா ஆரம்பித்தபோது அதன் முதல் இரை மதராஸி. ‘ஹட்டாவோ லுங்கி, பஜாவோ புங்கி’ என்று கோஷம். தாராவித் தமிழர்களில் நெல்லைச் சீமையிலிருந்து போன தலித்துகள் ஏராளம். சாதிக்குப் பயந்து ஊரைவிட்டுப் போனவனுக்கு அங்கே லுங்கி என்று பெயர். பிற்பாடு அதே பம்பாயில் இரை மாறியது. உத்தரப் பிரதேச, பீகார்க்காரர்களுக்கு அங்கே வைத்த பெயர் ‘பையா’.

இந்தப் ‘பையா’வில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்தியில் பையா என்றால் அண்ணன். மரியாதைச் சொல். பம்பாயில் அந்த மரியாதையை வசவாக்கினார்கள். கேரளத்துக்காரர்கள் நம்ம ‘அண்ணாச்சி’க்கும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தார்கள். திருப்பூரில் வேறு மாதிரி. பீகார்ப் பையன் லைன் சூப்பர்வைசரைப் ‘பையா’ என்று கூப்பிடுகிறான். அண்ணா என்கிறான். சூப்பர்வைசர் காதில் அது தமிழாக விழுகிறது: பையன், பொடியன். “யாரைப் பாத்துடா பையாங்கற?” என்று ஒருநாள் ஒரு பையனுக்குக் கன்னத்தில் அறை விழுந்ததை நானே பார்த்தேன். அண்ணன் என்று கூப்பிட்டதற்கு அறை. பிறகு யாரோ அர்த்தம் சொல்லியிருக்க வேண்டும். சூப்பர்வைசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தப் பையன்களையெல்லாம் அவரே “டேய் பையா” என்று கூப்பிட ஆரம்பித்தார். இந்தி அண்ணனும் தமிழ்ப் பொடியனும் ஒரே சொல்லுக்குள். எங்கள் தாத்தாவைத் தோட்டத்துப் பையன் கூப்பிட்ட குரல் அந்த ‘டேய்’க்குள் இருந்தது. எனக்கு அது நன்றாகத் தெரிந்த குரல்.

இனிச் சொல்வது எனக்கே வெட்கமான சமாச்சாரம். நான் கடைசியாக அயர்ன் மாஸ்டராக இருந்த கம்பெனியில் தண்ணீர்க் கேன் பக்கத்தில் இரண்டு எவர்சில்வர் டம்ளர் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கும். ஒருநாள் பார்த்தால் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைப் பாதியாக அறுத்து வைத்திருக்கிறது. எதுக்கு என்றேன். “அது வடக்கனுக்குங். கண்ட கண்ட பாக்குப் போட்ட வாய்ல வெச்சுக் குடிக்கறானுங்க” என்றாள் செக்கிங்கில் இருந்த ஒருத்தி. எனக்குத் தங்கச்சி முறை. அவளுடைய அப்பன், என் சித்தப்பன், டீக்கடைக்கு வெளியே குத்தவைத்துக் கொட்டாங்குச்சியில் டீ குடித்தவர். பிறகு கொட்டாங்குச்சி போய்த் தனி டம்ளர் வந்தது. தானே குடித்துத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு வரவேண்டும். அதை எதிர்த்து அடி வாங்கியவர். அவர் மகள் கையால் அறுத்து வைத்த பாட்டில் அது. நான் அதை எடுத்து எறிந்தேனா? இல்லை. ஒன்றும் பேசாமல் சங்கிலி டம்ளரில் தண்ணீர் குடித்துவிட்டு அயர்ன் டேபிளுக்குப் போய்விட்டேன். பதினைந்து நாள் அந்தப் பாட்டில் அங்கேயே இருந்தது.

அந்தப் பாட்டிலில் குடித்த பையன்களில் ஒருவன் என் டேபிளுக்குப் பீஸ் எடுத்துக் கொடுப்பான். கொஞ்சம் தமிழ் கற்றிருந்தான். ஊர் எது, வீட்டில் யார் யார் என்று பேசிக்கொண்டிருந்தபோது, நம்ம ஊர்க் கேள்வியைத்தான் நானும் கேட்டேன்: நீ என்ன ஆளு? முதலில் புரியாத மாதிரி இருந்தான். புரியாமல் இல்லை, அந்த மௌனம் எனக்குத் தெரியாததா? பிறகு குரலை இறக்கி, “சமார்” என்றான். செருப்புத் தைப்பதுபோலக் கையை அசைத்துக் காட்டினான். தோல் வேலை. ஆயிரம் மைல் தாண்டி என் அப்பனின் தொழில் வந்து என் முன்னால் நின்றுகொண்டு, பீஸ் மடித்துக்கொண்டிருந்தது.

தங்கச்சியிடம் போய்ச் சொன்னேன். அவனும் நம்மள மாதிரித்தான் தாயி, அங்கத்த சக்கிலி. அவள் பீஸிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “இருந்துட்டுப் போகட்டும். வடக்கன் வடக்கன்தானுங்” என்றாள்.

இந்தச் சொல்லின் வேலை இதுதான் என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது. ‘சமார்’ என்று சாதி சொல்லி ஒருவனைப் பொது இடத்தில் இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ‘வடக்கன்’ என்று சொன்னால் எந்தச் சட்டமும் இல்லை. அவனுடைய பட்டியல் சாதிச் சான்றிதழும் இங்கே இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது. ஒரு மாநிலத்துப் பட்டியல் சாதிக்காரர் இன்னொரு மாநிலத்தில் அந்த உரிமையைக் கேட்க முடியாது என்று 2018-ல் பீர் சிங் வழக்கில் தீர்ப்பு. ரயில் ஏறினால் சான்றிதழ் இறங்கிக்கொள்கிறது, சாதி கூடவே வருகிறது. ஊரில் அவன் சாதியைச் சொல்லித் தள்ளி வைத்தார்கள். இங்கே சாதியைச் சொல்லாமலேயே தள்ளி வைக்க ஒரு சொல் இருக்கிறது. அதைச் சொல்லும் உரிமையை நமக்கும் கொடுத்திருக்கிறார்கள். நாமும் மேல்சாதி ஆகிவிட்ட சுகம். ஒரு பைசா செலவில்லை.

2023-ஆம் வருசத்தின் முதல் மூன்று மாசத்தை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். ஜனவரியில் திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர்கள் கூட்டமாக நம்மாட்களை விரட்டுவதாக ஒரு வீடியோ பரவியது. ஒரு டீக்கடைத் தகராறு. ஊரே வடக்கன் படையெடுப்பு என்று பேசியது. மார்ச்சில் திரும்பிப் போட்டார்கள். தமிழ்நாட்டில் பீகாரிகளை வெட்டுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் வடக்கே பரவின. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே இங்கே வந்து பார்த்துவிட்டுப் போனது. ஹோலி நெருங்கிய நேரம். பயந்துபோய் எத்தனை பேர், பண்டிகைக்காக எத்தனை பேர் என்று பிரிக்க முடியாதபடி ஸ்டேஷன் நிரம்பி வழிந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் பிப்ரவரியில், பக்கத்து ஈரோட்டில் இடைத்தேர்தல். பிரச்சாரத்தில் நாம் தமிழர் கட்சியின் சீமான், அருந்ததியர் விஜயநகர ஆட்சிக் காலத்தில் துப்புரவு வேலைக்காக இங்கே வந்தவர்கள் என்கிற பொருள்படப் பேசினார். வழக்குப் பதிவானது. நாமெல்லாம் கொதித்தோம். கொதிக்க வேண்டியதுதான்.

ஆனால் பையா, நான் கேட்கிறேன். எங்கள் வீட்டுக்குள் பாட்டி பேசியது தெலுங்கு. உன் வீட்டிலும் அதுதான். வடக்கே இருந்து வந்தவன் வடக்கன் என்று நீ சொன்ன இலக்கணப்படி, சீமான் கணக்கில் நீ யார்? ஜனவரியில் நீ போனில் தட்டிவிட்ட வடக்கனும் பிப்ரவரியில் உன்மேல் வந்து விழுந்த வந்தேறியும் ஒரே தறியில் நெய்த துணியில்லையா?

கூலி கெட்டது என்கிறார்கள். கெட்டதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எப்போது கெட்டது? 1984-ல் பஞ்சப்படி கேட்டு இந்த ஊரில் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. எனக்கு அப்போது இருபது வயசுகூட ஆகவில்லை. அதற்குப் பிறகு முதலாளிகள் என்ன செய்தார்கள்? கம்பெனியைத் துண்டு துண்டாக்கி வேலையை வெளியே கொடுத்தார்கள். கட்டிங் ஒருவனிடம், தைப்பது ஒருவனிடம், செக்கிங் ஒருவனிடம். நிரந்தர வேலை போய் பீஸ் ரேட், காண்ட்ராக்ட். சங்கத்தில் ஆள் சேர்க்க முடியாதபடி ஆக்கினார்கள். ஒன்றரை ஷிப்ட்டு இங்கே விதியாயிற்று. அப்போதெல்லாம் இந்த ஊர் ஸ்டேஷனில் ஒரு பீகார்க்காரனும் கூலி தேடி வந்து இறங்கியிருக்கவில்லை. ஒரே ஓனர் சங்கக் கூட்டத்தில் “வடக்கன் இல்லாட்டிக் கம்பெனி ஓடாதுங்க” என்கிறார். நம்மாள் சம்பளம் கூடக் கேட்டால், “வேண்டாமா, வடக்கன் செய்வான்” என்கிறார். அவனிடம் போய், “ஓவர்டைமா? லோக்கல்காரன் பாத்தா ஒதைப்பான், பேசாம இரு” என்கிறார். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மூன்று வேலை பார்க்கிறார்.

1979-ல் மாநிலம் விட்டு மாநிலம் போகிற தொழிலாளர்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. காண்ட்ராக்டருக்கு லைசென்ஸ் வேண்டும், இடம்பெயர்வுப் படி கொடுக்க வேண்டும், போக வரப் பயணப்படி, தங்க இடம் என்று எழுதியிருந்தார்கள். நான் வேலை பார்த்த கம்பெனி ஒன்றிலும் அதைப்பற்றி ஒரு வார்த்தை காதில் விழுந்ததில்லை. அதைக் கேட்டு ஒரு துண்டறிக்கை போட்டிருந்தால், ஒற்றுப் பிழையோடேயே நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

இதில் பாதியை அன்றைக்கே அவர்களிடம் உளறிக்கொட்டினேன். பையன்கள் பேசாமல் கேட்டுக்கொண்டார்கள். மரியாதை தெரிந்தவர்கள். “யோசிக்கறமுங்ணா” என்று தாளை வாங்கிக்கொண்டு போனார்கள். சனிக்கிழமை சம்பள நாள், சாயங்காலம் துண்டறிக்கை அச்சாகி வந்தது. காலனி முக்கில் ஒட்டியும் விட்டார்கள். போய்ப் படித்துப் பார்த்தேன். ஒற்றெல்லாம் சரியாக இருந்தது. ‘வடக்கன்’ என்பதை எடுத்துவிட்டு ‘வடமாநிலத்தவர்’ என்று போட்டிருந்தார்கள். மற்றபடி ஒரு வரி மாறவில்லை.